மறவியுடைய தலைவரும் அமைச்சின் கடனும்

ஒருவர் ஏவ ஒருவர் செய்தல் என்னும் முறை உலகில் தொன்றுதொட்டு வருவது. அரசர்க்கு அமைச்சரும், திருமடத் தலைவர்க்குக் காறுபாறும், திருக்கோயில் அறங்காவலர்க்குக் கணக்கரும், வணிகர்க்குக் கணக்கப்பிள்ளையும், இக்காலத்து அலுவலக மேலாளர்க்கு எழுத்தரும் உதவியாளரும் என அம்முறை பலவாய் விரிந்து கிடக்கின்றது. இவ்விரு திறத்தார்க்கும் இடையே நிகழும் இடர்களுள் ஏவுவோர் தாம் ஏவியதனைத் தாமே மறந்துவிடுதலால் விளைவது ஒன்று. காலையிற் கட்டளையிட்டதை மாலையில் மறப்பார். ஒப்பமிட வேண்டிய தாளை மேசைமேல் வைத்து மறப்பார். நேற்று வேண்டாவென்றதனை இன்று ஏன் செய்திலை என வெகுள்வார். தாம் அங்ஙனங் கூறவேயில்லை என உறுதியாக மொழிவார். இத்தகையார்கீழ்ப் பணிபுரிவோன் படும் பாடு சிறிதன்று. அவன் கடன் யாது என்பதே ஈண்டு ஆராயப் புகுந்தது.

இஃது உலகியல் வினாவேயன்றிச் சித்தாந்த வினா ஆமோ எனின், ஆம் என்க. என்னை? மறதி யாருக்கு உரியது, அஃது எங்கிருந்து வருவது, எதனால் நீங்குவது என்பவற்றை நம் மெய்கண்ட நூல்கள் நன்கு ஆராய்ந்து வைத்துள்ளன. அன்றியும், தலைவன் அமைச்சு என்னும் இவ்வுறவினையே உயிரின் இயல்பு விளக்குதற்கு உவமையாக எடுத்தாண்டார் மெய்கண்ட தேவர். உவமையாக வந்த பொருள் பிறிதொன்றை விளக்குதலோடு தன்னையும் விளக்கும். ஆதலின் அவ்வுவமையினின்றே தொடங்குவாம்.

உவமையின் உட்பொருள்

சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம் உயிர்க்கும் அந்தக்கரணங்கட்கும் உள்ள தொடர்பினைக் கூறுவது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்பன அந்தக்கரணங்கள். உயிர் இவற்றுள் ஒன்றன்று, இவற்றின் வேறாயது. ஆயினும் தன்னொடு உடன்பிறந்த ஆணவமலத்தான் மறைப்புண்டு கிடத்தலின், தானே ஒன்றனை அறியமாட்டாது, அமைச்சரைக் கூடிய மன்னனைப்போல இக்கருவிகளைக் கூடிநின்றே அறியும். அவை கூடுதலும் குறைதலும் பற்றி நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல் என்னும் ஐந்து அவத்தைகளை எய்தும் என்பது அதன் கருத்து. சிவஞானசித்தியார் இதனை விரித்து, உலாப் போந்து மீளும் மன்னன் அரண்மனை வாயில்தோறும் தன் பரிவாரத்தாருட் சிலர் சிலரை நிறுத்திவிட்டு முடிவில் தனியே அந்தப்புரம் புகுமாறுபோல, உயிரும் கருவிகளை ஒவ்வோரிடத்தே விட்டுப் பிராணனைக் காவலாக வைத்து உட்புகும் என விளக்கும்.

இவ்வுவமையினின்று நம் வினாவிற்கு வேண்டும் உண்மைகள் மூன்று பெறப்படுகின்றன. முதலாவது, கருவியின் துணையின்றி உயிர் ஒன்றையும் நினையாது என்பது. நினைவு உயிர்க்கு இயல்பாய் நிலைபெற்றதன்று, துணையால் வருவது, துணை நீங்க நீங்குவது. ஆதலின் மறப்பவர் என ஒருவரையும் மறவாதவர் என ஒருவரையும் இருவேறு சாதியாகப் பகுத்தல் பொருந்தாது. மறதி மிகுதி குறைவுகளான் வேறுபடுமேயன்றி, உடம்பொடு கூடிய உயிர்க்கெல்லாம் பொது. தலைவர் நினைவூட்டுவாரை நாடுதல் இழிவன்று. அஃது உயிரின் இயல்பு.

இரண்டாவது, அமைச்சு அரசன்று என்பது. கருவிகள் எத்துணைத் திறமுடையவாயினும் உயிரின் முன்னிலையிலேயே தொழிற்படும். உயிரை விலக்கித் தாமே உயிராகா. மனம் பொருளைப் பற்றும், புத்தி இன்னதெனத் துணியும், அகங்காரம் யான் எனதென்று எழும், சித்தம் சிந்திக்கும். இவை ஒவ்வொன்றும் தன் எல்லையில் நிற்றலாலேயே அறிவு நிகழ்கின்றது. மறவியுடைய தலைவர்க்குத் துணையாவான் சித்தத்தின் நிலையிலே நிற்பவன். பொருளைத் தலைவர்முன் நிறுத்துதல் அவன் தொழில். அவன் அகங்காரத்தின் தொழிலைத் தானே மேற்கொள்வானாயின் அரசு நிலைகுலையும்.

மூன்றாவது உண்மையே நம் வினாவிற்கு உயிர்நிலையாயது. திருவருட்பயனில் உமாபதி சிவாசாரியர் புறவிருளையும் ஆணவ இருளையும் ஒப்பிட்டு ஒரு வேற்றுமை காட்டுவர். புறத்தே உள்ள இருள் பிற பொருளை மறைப்பினும், தான் இருளென்பதை மறையாது காட்டும். கண்ணுடையான் இங்கே இருள் இருக்கின்றது என அறிந்து விளக்கைத் தேடுவான். ஆணவ இருளோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது என்பது அவர் உணர்த்துவது. மறதியும் இத்தன்மையதே. மறந்தவன் தான் மறந்தான் என்பதனையும் உடன் மறந்திருக்கின்றான். மறந்தேன் என உணருங்கணத்தே மறதி பாதி நீங்கிற்று. ஆகவே, தாம் அங்ஙனங் கூறவில்லை என மறுக்குந் தலைவர் பெரும்பாலும் பொய் கூறுவாரல்லர். தமக்குத் தோன்றியதனைத் தோன்றியவாறே கூறுகின்றார். பொய்யும் மறதியும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலத் தோன்றும். அகத்தே பொய்யன் உண்மையை அறிந்து மறைக்கின்றான். மறந்தவனை மறதியே மறைக்கின்றது. இவ்விரண்டனையும் ஒன்றாக மயங்குதலே பணியாளர் பலர் தம் நெஞ்சு கசந்து தலைவரொடு பகைகொள்ளுதற்குக் காரணம்.

இன்னும் ஒன்று. தலைவர்க்கு உற்ற இம்மறைப்பு பணியாளற்கும் உண்டு. யான் தெளிவாக நினைவுகூர்கின்றேன் என அவன் சொல்லுமிடத்தும், அவன் கேட்டது பிழையாக இருத்தல் கூடும். மறைப்பின் இயல்பு தன்னைக் காட்டாமை என்றபின், எனக்கு மட்டும் அம்மறைப்பு இல்லை எனத் துணிதற்கு யாது சான்று? ஆதலின் தலைவர் நினைவின்முன் தன் நினைவைக் கொண்டுசென்று மோதுதல் முறையன்று. இருவர்க்கும் பொதுவாயதொரு விளக்கை நடுவே ஏற்றி வைத்தலே முறை. அவ்விளக்கு எழுத்து.

மூவகைப் பிழை

இவ்வுண்மை உணராதார் மூவகைப் பிழையுட் படுவர். சொன்னதைச் செய்தேன், சொல்லாததைச் செய்திலேன், அவர் மறந்தால் வரும் கேடு அவரதே எனக் கைகட்டி நிற்பர் ஒருசாரார். இவர் கடனை முடித்தார்போலத் தோன்றினும், கருவியின் தொழிலாகிய பொருளை முன்நிறுத்துதலைச் செய்யாது விட்டவராவர். கேடு தலைவரோடு நில்லாது, ஓய்வூதியத்திற்குக் காத்திருக்கும் கைம்பெண்ணிடத்தும், கூலிக்குக் காத்திருக்குந் தொழிலாளியிடத்தும், திருவிளக்கு எண்ணெய்க்குக் காத்திருக்கும் திருக்கோயிலிடத்தும் போய்ச் சேர்தலை இவர் நோக்குகின்றிலர்.

தலைவரது மறதியைப் பலர்முன் எடுத்துரைத்து மகிழ்வர் மற்றொருசாரார். உண்டிச்சாலையிலும் தெருவிலும் இவர்க்கு அதுவே பேச்சு. தலைவர் மறக்கும்தொறும் தம் நினைவாற்றல் விளங்குவதாக இவர் கருதுகின்றனர். இஃது ஆணவத்தின் வேலையே. பிறர் இருளைக் காட்டித் தம்மை ஒளியெனக் கொள்ளுதல் இருளின் மற்றொரு கூறு. பெரியார் முன்னிலையிற் பிறர் செவியில் ஓதுதலையும், அவரோடு சேர்ந்து நகுதலையும் திருவள்ளுவர் மன்னரைச் சேர்ந்தொழுகல் என்னும் எழுபதாம் அதிகாரத்தில் விலக்கினமை இவர் நினையத்தக்கது.

தலைவர் மறப்பாராதலின் அவரைக் கேளாமலே தாமே எல்லாம் முடித்துவிடுவர் பிறிதொருசாரார். இவர் மூவருள்ளும் திறமுடையார். ஆதலின் மூவருள்ளும் அஞ்சத்தக்கார். முதலிற் காலம் காத்தற்பொருட்டு ஒரு சிறு செயலைத் தாமே துணிவர். பின்னர் அதுவே வழக்கமாகும். பின்னர்த் தலைவர் மறத்தலே தமக்கு வாய்ப்பென விரும்புவர். அமைச்சு அரசாக முயலும் நிலை இதுவே. தலைவர் உறங்கத் தாம் ஆளுதல் சேவை ஆகாது.

வள்ளுவர் துணிபு

இம்மூன்றுக்கும் வேறாய நெறி யாது? அமைச்சு என்னும் அறுபத்துநான்காம் அதிகாரத்தில் திருவள்ளுவர் ஓர் அரிய துணிபு கூறுவர். தலைவன் தானும் அறியாதவனாய், அறிந்தார் சொல்லையும் தள்ளுவோனாயினும், பக்கத்திருப்பவன் அவனுக்கு உறுதியாவதனை எடுத்துச் சொல்லுதல் கடன் என்பது அத்துணிபு. இதன்கண் நோக்கத்தக்கது யாதெனின், சொல்லுங் கடமை கேட்பவரது தகுதியைப் பற்றி எழுவதன்று என்பதே. கேட்பாராயிற் சொல்லலாம், கேளாராயின் விடலாம் என அவர் கூறிற்றிலர். சொல்லுதல் அமைச்சன் பக்கத்தது. கேட்டல் அரசன் பக்கத்தது. பயன் நம் கையில் இன்மையின் கடனும் இல்லை எனல் ஆகாது.

ஆயினும் எவ்வாறு சொல்லுதல் என்பதும் அவரே வகுத்தனர். குறிப்பறிந்து, காலம் பார்த்து, வெறுப்பு விளையாதவாறு, கேட்போர் விரும்பும் வகையிற் சொல்லுதல் வேண்டும் என்றும், பயனுடையவற்றைக் கேளாதபோதும் சொல்லி, பயனில்லாதவற்றைக் கேட்டபோதும் சொல்லாது விடுதல் வேண்டும் என்றும் மேற்குறித்த எழுபதாம் அதிகாரத்துக் கூறினார். மறவியுடையாரிடத்து இவ்விரண்டாம் விதி பெரிதும் வேண்டப்படுவது. பத்துச் செய்திகளை ஒருங்கு கூறின் அவர் பத்தனையும் மறப்பர். இன்றே முடிய வேண்டிய இரண்டு மூன்றினை மட்டும் கூறின் அவை நிற்கும். ஒரு செய்தியைச் சுருக்குதலும் நினைவூட்டுதலின் ஒரு பகுதியே.

கல்லிலும் செம்பிலும்

நம் முன்னோர் அரசியலில் இந்நெறி வெறுஞ்சொல்லாய் நில்லாது ஒழுகலாறாய் நின்றது. சோழர் பாண்டியர் காலத்துக் கல்வெட்டுக்களை நோக்குவார்க்கு ஒன்று விளங்கும். மன்னன் வாய்மொழியாக ஆணை இடுவான். திருமந்திரவோலை எனப்படும் அதிகாரி அதனை ஓலையில் எழுதுவான். திருமந்திரவோலை நாயகம் அதனை ஒப்புநோக்கிச் சான்றளிப்பான். பின்னர் அது வரிக்கணக்கிற் பதிவுபெறும். அதன்பின் கல்லிலும் செம்பிலும் வெட்டப்பெறும். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளிக்குமாறு முதலாம் இராசராச சோழர் தம் ஆட்சியின் 21-ஆம் ஆண்டில் இட்ட ஆணையைச் செப்பேட்டில் நிலைபெறச் செய்தவர் அவர் மகனார் இராசேந்திரர். தந்தையார் வாய்ச்சொல் மைந்தர் காலத்தும் மறவாது நின்றமைக்கு அரசரின் நினைவாற்றல் காரணமன்று. இடையே நின்ற எழுத்தாளர் நிரையே காரணம்.

உலகம் ஆண்ட பேரரசரும் தம் நினைவை நம்பியிலர். தம் அதிகாரிகள் நினைவையும் நம்பியிலர். ஆணை பிறந்த அப்பொழுதே எழுத்தாயிற்று. எழுதியது மற்றொருவரால் ஒப்புநோக்கப்பட்டது. இவ்விரண்டு செயல்களே இன்றும் மறவியுடைய மேலாளரொடு பணிபுரிவார்க்கு முதற்கருவி. மேலாளர் ஒன்று கூறியவுடன், தாங்கள் இன்னது இன்ன நாளுக்குள் முடிக்குமாறு கூறினீர்கள் எனத் தான் கொண்டேன், பிழையாயின் திருத்துக என அன்றே இரண்டு வரியில் எழுதி அனுப்புதல் திருமந்திரவோலையின் தொழில். அது தாளாயினும் மின்னஞ்சலாயினும் செல்பேசிச் செய்தியாயினும் ஒக்கும். அவர் அதனைப் பார்த்து ஆம் எனின் அது நாயகத்தின் சான்று. குற்றஞ்சாட்டுதற்குச் சேர்த்துவைக்கும் ஏடாக இதனைக் கருதுதல் கூடாது. இருவரும் ஒருங்கு பார்த்தற்கு ஏற்றிய விளக்காகவே கருதல் வேண்டும். முன்னைய எண்ணத்தோடு எழுதிய எழுத்துக்கும் பின்னைய எண்ணத்தோடு எழுதிய எழுத்துக்கும் உள்ள வேற்றுமையைப் படிப்பவர் எளிதில் உணர்வர்.

அன்றே எழுதுக என்றதற்கும் காரணம் உண்டு. செருமனி நாட்டு அறிஞர் எபிங்கௌசு என்பார் பொருளற்ற அசைகளை மனனஞ்செய்து, அவை தம் நினைவினின்று நீங்கும் வகையைத் தம்மிடத்தே அளந்தறிந்து 1885-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். மறதி சீராக நிகழ்வதன்று. கற்ற சிலமணி நேரத்திலேயே பெரும்பகுதி நீங்கிவிடும், எஞ்சியது மெல்லெனத் தேயும் என்பது அவர் கண்ட முடிவு. எனவே நினைவூட்டல் ஒருவாரங் கழித்து வருவதினும் மறுநாளே வருதல் நன்று. குறித்த நாளுக்கு முன்னர் மீண்டும் ஒருமுறை வருதல் அதனினும் நன்று. மேலும், நினைவூட்டல் செயலோடு சேர்ந்து வருதல் வேண்டும். ஒப்பம் வேண்டுமாயின் ஒப்பமிட வேண்டிய தாளையே ஒப்பமிடும் பக்கம் திறந்தபடி முன்வைத்தல் வேண்டும். ஒப்பம் வேண்டும் என வாயாற் கூறிப் போதல் போதாது. சித்தம் பொருளையே உயிர்முன் நிறுத்துமன்றிப் பொருள் உண்டென்னுஞ் செய்தியை மட்டும் நிறுத்துவதன்று.

மறுக்கப்படும் ஆணை

இனி, எழுத்தில்லாத ஆணையைத் தலைவர் மறுத்துப் பழியைப் பணியாளன்மேல் ஏற்றும்போது செய்யத்தக்கது யாது எனின், பாண்டிநாட்டு வேள்விக்குடிச் செப்பேடு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்னும் பழம்பாண்டியர் வேள்விக்குடி என்னும் ஊரைக் கொற்கை கிழான் நற்கொற்றன் என்பார்க்கு அளித்தனர். அவ்வூர் களப்பிரர் காலத்தில் அவர் வழியினர் கையினின்று நீங்கிற்று. பாண்டியர் மீண்டும் அரசேறினர்; தலைமுறைகள் கழிந்தன; பழங்கொடை அரசமரபின் நினைவில் இல்லையாயிற்று. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நெடுஞ்சடையன் என்னும் பாண்டியரது ஆட்சியின் மூன்றாம் ஆண்டில், அவ்வழித்தோன்றலாகிய நற்சிங்கன் என்பார் கூடல் மாநகரில் மன்னர்முன் முறையிட்டார். மன்னர் வெகுண்டிலர், முறுவலித்து, நாட்டாரைக்கொண்டு அதன் பழமையை மெய்ப்பித்துப் பெற்றுக்கொள்க எனப் பணித்தனர். அவ்வாறே மெய்ப்பிக்கப்பட்டது, ஊரும் மீளக் கொடுக்கப்பட்டது, செப்பேடும் எழுந்தது.

ஈண்டு இருவர் ஒழுக்கமும் போற்றத்தக்கது. முறையிட்டவர் மறைவிற் புலம்பாது உரியவர்முன் வெளிப்படக் கூறினார். உம் முன்னோர் சொல் தவறினர் எனப் பழித்திலர். தம் உரிமையைக் கூறினார். சான்று கேட்டபோது தம்மை ஐயுற்றதாகக் கருதிச் சினந்திலர், சான்றைக் கொணர்ந்தார். மன்னரும், யாம் அறியோம் என்பதனை இல்லை என்பதாகக் கொண்டிலர். அறியாமையும் இன்மையும் வேறு என உணர்ந்து, மூன்றாவதாகிய நாட்டாரின் சான்றினை நாடினார். தலைவர் பணியாளர் இருவரும் தம் நினைவைப் பிடித்து வாதியாது, இருவர்க்கும் புறத்தே நின்ற சான்றினை நாடியமையால் நீதி பிறந்தது. எனவே பழி வந்துழிப் பணியாளன் தனியே தலைவரைக் கண்டு, பணிவோடு, கிடைக்கும் சான்றினை முன்வைத்தல் வேண்டும். சான்று இன்றாயின், இனி எழுத்தின்றிச் செய்யேன் என்னும் உறுதியை அவரறியத் தனக்கு விதித்துக்கொள்ளுதல் வேண்டும்.

பிறர்க்குக் கேடு விளையுமாயின் நிலை வேறு. தலைவரது மதிப்பைக் காத்தற்பொருட்டு மூன்றாமவர் பட்டினி கிடக்க வாளாவிருத்தல் பணிவாகாது. அது பாவத்திற் பங்கு. அந்நிலையில் முறைப்படி தலைவர்க்கு மேலுள்ளாரிடம் பொருளை மட்டும், ஆளைப் பழியாது, எடுத்துரைத்தல் கடன். தலைவர்க்கு முன்னறிவித்துவிட்டே இதனைச் செய்தல் நேர்மை.

மற்றும் ஒன்று இக்காலத்தார் அறிந்து கொள்ளத்தக்கது. முன்பு மறவாதவர் அண்மையில் மிக மறப்பாராயின் அஃது உடல்நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். தைராய்டு என்னும் கழுத்துச் சுரப்பியின் குறைவு, பி-12 என்னும் உயிர்ச்சத்தின் குறைவு, உறக்கமின்மை, சில மருந்துகளின் விளைவு முதலியவற்றாலும் நினைவு தளரும். இவற்றுட் பல மருத்துவத்தால் தீர்வன. அவர்க்கு அணுக்கமானவர் வாயிலாக மருத்துவரை நாடச் செய்தல், ஆயிரம் நினைவூட்டலினும் பெரிய உதவியாகும்.

தென்காசி காட்டும் நெறி

இதுகாறும் பணிபுரிவோர் கடன் கூறினாம். தலைவர்க்கும் ஒரு கடன் உண்டு. பொச்சாவாமை என ஓர் அதிகாரத்தையே, அஃதாவது மறவாமையினையே, திருவள்ளுவர் அரசர்க்கு வகுத்தார். மிக்க உவகையிற் பிறக்கும் மறதி எல்லைகடந்த சினத்தினும் தீது என்பது அதன் முதற்கண் அவர் கூறிய துணிபு. மறத்தல் இயல்பாயினும், தான் மறப்பன் என்பதனை அறிந்து அதற்கேற்ற காவல் அமைத்துக்கொள்ளுதல் தலைவர் கடன். இதனைச் செய்து காட்டிய ஒரு பெருந்தலைவரைச் சிற்றாற்றங்கரையிலே காண்கின்றோம்.

தென்காசியில் உலகம்மையுடன் எழுந்தருளியிருக்கும் காசிவிசுவநாதர் திருக்கோயிலைப் பராக்கிரம பாண்டியர் 1446-ஆம் ஆண்டிலே எடுக்கத் தொடங்கினார். கோயிலின்கண் அவர் பெயரால் தமிழ்ப் பாடல்கள் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றன் கருத்து நினைக்குந்தொறும் உள்ளத்தை உருக்குவது. வருங்காலத்தில் இக்கோயிற்கு யாதேனும் குறை நேர்ந்து, அதனை நீக்கிப் பாதுகாப்பார் எவரேனும் இருப்பின், அவர் யாவரேயாயினும் அவரை உலகறியத் தாம் பணிவதாக மன்னர் கூறுகின்றார்.

கோயில் எடுத்த மன்னர்க்குத் தம் படைமேலும் பொருள்மேலும் நம்பிக்கை இருந்திருக்கும். ஆயினும் மறதி வரும் என்பதனையும் அவர் நம்பினார். தம் மைந்தர் மறப்பர், நாடு மறக்கும், காலம் மறைக்கும் என எண்ணினார். மறப்பாரைச் சபித்தல் கல்வெட்டுக்களில் வழக்கம். இவரோ நினைப்பாரை வணங்கினார். பிறவாத பணியாளர்க்கு முன்கூட்டியே தலைவர் செய்த வணக்கம் அது. அதன்பின் நூற்றாண்டுகள் கழிந்தன. கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாய் நின்றது. பின்னர் அன்பர் பலர் முயற்சியால் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்து 1990-ஆம் ஆண்டிற் குடமுழுக்குக் கண்டது. அப்பணியிற் கல் சுமந்தாரும் பொருள் அளித்தாரும் ஐந்நூறு ஆண்டுகட்கு முன்னரே மன்னரால் வணங்கப்பட்டவராயினர். நினைவூட்டுவாரைச் சுமையென எண்ணாது வணங்கத்தக்கவர் என எண்ணும் தலைவர்க்கு, அவர் மறைந்த பின்னும் ஏவலாளர் உளர்.

அங்கிருந்து மேற்கே சிறிது தொலைவிற் குற்றாலம் உள்ளது. ஆங்கும் இவ்வுண்மை வேறொரு வகையில் விளங்குகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர், குற்றாலக் குறவஞ்சி இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயர்க்கு நிலம் அளித்தனர். அந்நிலம் குறவஞ்சிமேடு எனவே பெயர் பெற்றது. கொடுத்த காரணத்தையே கொடைக்குப் பெயராக வைத்தமையால், நிலத்தின் பெயர் சொல்லுவாரெல்லாம் கொடையை நினைப்பவராயினர். அலுவலகத்திலும் ஒரு கட்டினை எண்ணால் மட்டும் குறியாது, அது யாருக்கு, எதன்பொருட்டு என்பதனைப் பெயரிலேயே அமைத்தல் இத்தகைய அறிவு. பெயரைக் காணுந்தொறும் கடன் நினைவுக்கு வரும்.

ஒரு தடையும் விடையும்

அற்றேல், சுந்தரமூர்த்தி நாயனார் தம் தலைவராகிய இறைவனை, அடியேனை மறந்தனையோ என்னும் பொருள்பட வன்மையாகக் கேட்டனரன்றோ. கண்ணிழந்து திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றும், காஞ்சியில் ஒருகண்ணும் திருவாரூரில் மற்றொரு கண்ணும் பெறுங்காறும் அவர் முறையிட்டவாறு நாமும் தலைவரைக் கடிந்துரைத்தல் ஆகாதோ எனின், ஆகாது. வன்றொண்டர்க்கு அவ்வுரிமை இறைவனே அளித்த தோழமையால் வந்தது. மறத்தலில்லாத் தலைவனை மறந்தாய் எனல் அன்பின் ஊடல். அதனால் அத்தலைவனுக்கு ஒரு குறைவும் வாராது. உண்மையாகவே மறக்குந் தலைவரை அங்ஙனம் கூறின் அவர் புண்படுவர். புண்பட்டவர் மேலும் மறப்பர். நெடுநாட் பழகினோம் என்னும் உரிமைபற்றித் தகாதன செய்தல் கேடு பயக்கும் என எழுபதாம் அதிகாரத்தின் முடிவில் வள்ளுவர் எச்சரித்ததும் இதுபற்றியே.

மறவாத் தலைவன்

முடிவாக ஒன்று கூறுவாம். சிவஞானபோதத்துப் பதினோராஞ் சூத்திரம், கண்ணுக்குப் பொருளைக் காட்டித் தானும் உடன்நின்று காணும் உயிரைப்போல, இறைவன் உயிர்க்கு அறிவித்துத் தானும் உடன்நின்று அறிகின்றான் என்னும். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இவற்றை நம் ஆசிரியர்கள் வழங்குவர். நாம் ஒன்றை நினைத்தோம் என்பதெல்லாம் அவன் நினைப்பிக்க நினைத்ததே. அவன் அநாதியாக நம் மறதியொடு கூடிநின்று பணிசெய்கின்றான். எத்தனை பிறவியில் எத்தனை முறை நாம் மறந்தோம்! ஒருமுறையேனும் அவன் நம்மை இகழ்ந்து பிறர்க்கு உரைத்தானல்லன். நீ மறந்தாய் என வெளிப்பட்டுத் தன்னைக் காட்டிக்கொண்டானுமல்லன். திரோதான சத்தியாய் மறைந்துநின்றே நம்மை நடத்துகின்றான். பக்குவம் வந்துழியே குருவடிவாய்த் தோன்றுகின்றான்.

காரைக்காலம்மையார் இறைவனிடம் வரம் வேண்டியபோது, பிறவாமையை வேண்டி, பிறவி உண்டாயின் மறவாமையை வேண்டினார் எனப் பெரியபுராணம் கூறும். அம்மையே எனப் பெருமானால் அழைக்கப்பெற்றாரும் மறவாமையைத் தம் ஆற்றலாகக் கருதாது வரமாக வேண்டினார் எனின், நம் நினைவாற்றலைப் பற்றி நாம் செருக்குறுதற்கு இடம் ஏது? மறவியுடைய தலைவரின்கீழ்ப் பணிபுரிவோன் நாடோறும் ஒரு கண்ணாடியின்முன் நிற்கின்றான். தன் தலைவர் தன்னிடத்து இருக்கும் நிலையிலேயே தான் இறைவனிடத்து இருக்கின்றான் என்பதனை உணர்வானாயின், அவன் எழுதும் நினைவுக் குறிப்பிற் கசப்பு இராது. நினைவூட்டுஞ் சொல்லிற் செருக்கு இராது. அறம் வேண்டுமிடத்து அச்சமும் இராது. எழுத்து வெளிப்படட்டும், எழுதியவன் மறைந்து நிற்கட்டும். செயல் முடிந்தபோது இஃது யான் நினைத்த செயல் எனத் தலைவர் கூறுவாராயின், ஆம் என அமைந்து அடுத்த பணியை நோக்குவானே அமைச்சன்.

அன்பர்கள் இக்கருத்தினைத் தத்தம் பணியிடத்தே ஒழுகிப் பார்ப்பார்களாக. மறவாப் பெருமான் நமக்கு மறவாமை அருள்க.

திருச்சிற்றம்பலம்.